வாணலி வீடும் கருகல் வீடும்

கவ்ராஸ்கோ, மாஜா பள்ளத்தாக்கு
3 அக்டோபர் 1983

மதிப்பிற்குரிய வால்ட்டர் மார்ட்டினோலா அவர்களுக்கு,

எங்கள் ஊர்ப் பாதிரியாருக்கு நீங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதிய கடிதத்தை அவர் என் தலையில் கட்டிவிட்டார். அவர் லுகானோ நகரத்துக்காரர். செத்தவர்களைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் என் வீட்டுக்கு வழி காட்டிவிடுவது அவருக்கு வழக்கம். என் பெயர் டெல்ஃபினா, வயது ஐம்பத்தொன்பது. கோடையில் மலைமேல் ஆடு மாடு பார்த்து சீஸ் செய்கிறேன். மற்ற மாதங்களில் ஊருக்குள் இருந்துகொண்டு வாயைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கஷ்டப்படுகிறேன்.

உங்கள் கொள்ளுத்தாத்தா பிளாச்சிதோ மார்ட்டினோலா 1855இல் தங்கம் தோண்ட இங்கிருந்து கப்பலேறினார், அவர் எந்தக் குடும்பம் என்று தெரிய வேண்டும், அதுதானே? ஐயா, இந்த ஊரில் பாதிரியாரையும் தபால்காரரின் நாயையும் தவிர எல்லோரும் மார்ட்டினோலாதான். அந்த வருஷம் போனவர்களில் பிளாச்சிதோக்களே மூன்று பேர். அதனால் நாங்கள் ஆளை அடையாளம் சொல்வது வீட்டுப் பெயரை வைத்து. பூனை வீடு, முட்டிக்கால் வீடு, வாணலி வீடு, கருகல் வீடு என்று. உங்கள் வீட்டுப் பெயர் என்ன? தெரியாது என்றால், உங்கள் ஆட்கள் ஏதாவது பழங்கதை சொல்லியிருப்பார்களே, அதையாவது எழுதுங்கள்.

எனக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். மறைத்துப் பேச எனக்கு வராது, சொல்லிவிடுகிறேன். நான் கருகல் வீட்டில் பிறந்தவள். மேலே மலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு கல் குடிலும் மேய்ச்சல் உரிமையும் உண்டு. மலையும் காடும் ஊர்ச்சபைக்குச் சொந்தம். சபையில் இடமிருக்கிற வீடுகளுக்குத்தான் அங்கே உரிமை. நான் ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டேன், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வெளியூரானைக் கட்டினால் பெண்ணுக்குப் பிறந்த ஊரில் உரிமை போய்விடும், அவன் செத்தாலும் திரும்பாது. எங்கள் வழக்கம் அப்படி. இத்தனை காலம் குடில் என் அண்ணன் செவெரினோ பெயரில் இருந்தது, சீஸ் கொப்பரையைக் கிளறியது நான். போன பனிக்காலத்தில் அண்ணன் போய்விட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வருகிற ஜூன் முதல் ஞாயிறு சபை கூடும்போது கருகல் வீட்டு அடுப்பு அணைந்தது என்று சொல்லிக் குடிலை எடுத்துக்கொள்வார்கள். தலைவர் பத்திஸ்தா, வாணலி வீட்டுக்காரர், அதை ட்சூரிக் நகரத்து ஆட்களுக்குக் கோடை வாடகைக்கு விடப் போகிறாராம். அண்ணனை அடக்கம் செய்த ஈரம் காய்வதற்குள் வந்து ஜன்னலை அளந்துவிட்டுப் போனார்.

ஆகவே உலகத்தில் எந்த மூலையிலாவது கருகல் வீட்டு ஆள் ஒருவர் உயிரோடு இருந்தால் எனக்கு அவர் வேண்டும். நீங்களாக இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.

டெல்ஃபினா

---

டேல்ஸ்ஃபோர்ட் அருகே, விக்டோரியா
29 அக்டோபர் 1983

அன்புள்ள டெல்ஃபினா அம்மையாருக்கு,

பதில் வருமென்று நான் நினைக்கவே இல்லை. உங்கள் ஊர் முத்திரையைப் பார்த்து எங்கள் தபால்காரர் வேலியோரமே நின்றுகொண்டார், பிரித்துப் படித்துக் காட்டினால்தான் போவேன் என்று. அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நாயைப் பற்றிய வரி அவருக்குப் பிடித்திருந்தது.

என் இத்தாலியன் என் அத்தை அடுப்படியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது. சாப்பிடக் கூப்பிடவும் திட்டவும் அது தாராளமாகப் போதும். மற்றதற்கு அகராதியை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு தோண்டுவதுபோல ஒவ்வொரு சொல்லாகத் தோண்டுகிறேன். எங்காவது மரியாதை தப்பினால் என் அத்தையின் மேல் போடுங்கள்.

எனக்கு அறுபத்துமூன்று வயது. மாடு வளர்க்கிறேன், கொஞ்சம் திராட்சை, கொஞ்சம் உருளை. பனிக்காலத்தில் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலந்து, பூண்டும் சிவப்பு ஒயினும் சேர்த்துச் சாசேஜ் செய்கிறேன். இங்கே உங்கள் பள்ளத்தாக்கிலிருந்து வந்த எல்லாக் குடும்பமும் அதைச் செய்கிறது, எல்லோரும் தங்களுடையதுதான் உண்மையானது என்று சண்டை போடுகிறார்கள். மகன் பெர்த் பக்கம் சுரங்கத்தில் இருக்கிறான். மனைவி மொரீன் போய் நான்கு வருஷம் ஆகிறது.

இந்த வம்சத் தேடல் கிறுக்கு எனக்குப் பிடித்ததே மொரீனை அடக்கம் செய்த அன்றுதான். அவள் ஐரிஷ்காரி. சாப்பாட்டு மேஜையில் அவளுடைய அண்ணன்மார் எழுந்து நின்று தங்கள் முன்னோரை ஒன்பது தலைமுறை வரை வரிசையாகச் சொன்னார்கள், பாட்டுபோல. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். "ஒங்க பக்கம் சொல்லுப்பா" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் எழுந்து "பிளாச்சிதோ" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை, அம்மா. எங்கிருந்தோ காற்றில் வந்து விழுந்தவன் மாதிரி இருந்தது.

வீட்டுப் பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று உண்டு. கொள்ளுத்தாத்தா தொழுவத்துக்குள் விளக்கைக் கொண்டுபோக யாரையும் விட்டதில்லையாம். யாராவது கொண்டுபோனால், "நெருப்பு தின்ன வீட்டுலேருந்து வந்தவன்டா நான்" என்று கத்துவாராம். என் அத்தை அவர் குரலிலேயே கத்திக் காட்டுவாள். இது எதற்காவது பயன்படுமா?

உங்கள் அண்ணன் போனதற்கு வருந்துகிறேன்.

வால்ட்டர்

---

கவ்ராஸ்கோ
20 நவம்பர் 1983

அன்புள்ள பங்காளிக்கு,

ஆமாம், பங்காளி! உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் அடுப்பில் போலெந்தாக் களியை விட்டுவிட்டுப் பூனை வீட்டுப் பியெரினாவிடம் ஓடினேன். திரும்பி வந்தபோது அது அடிப்பிடித்திருந்தது. எங்கள் வீட்டுக்குப் பொருத்தம்தான் என்று பியெரினா சிரித்தாள்.

நெருப்பு தின்ற வீடு எங்கள் வீடுதான். உங்கள் கொள்ளுத்தாத்தா போவதற்குச் சில வருஷம் முன்பு, கஷ்கொட்டை உலர்த்துகிற குடிலில் யாரோ தீயைக் கவனிக்காமல் தூங்கிவிட, அது வீட்டோடு எரிந்தது. அன்றிலிருந்து நாங்கள் கருகல் வீடு. தீ வைத்ததே நாங்கள்தான் என்று வாணலி வீட்டார் சொன்னார்கள். அந்தக் களேபரத்தில் எங்கள் செப்புக் கொப்பரையை வாணலி வீட்டார் தூக்கிப் போய்விட்டதாக நாங்கள் சொன்னோம். அதிலிருந்து இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. தேவாலயத்தில்கூட அவர்கள் இடது பக்கம், நாங்கள் வலது பக்கம். இப்போது வலது பக்கத்தில் நான் ஒருத்திதான், குளிர்காலத்தில் ரொம்பக் காற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் நீங்கள் வர வேண்டும். எங்கள் சபையில் வாக்கு ஆளுக்கில்லை, அடுப்புக்கு. கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் ஊருக்குள் உங்கள் வீட்டு அடுப்பில் நீங்களே தீ மூட்டிக் கூரைக்கு மேல் புகை வர வேண்டும். தலைவர் தேவாலயப் படியில் நின்று புகையை எண்ணுவார். உங்கள் புகை எண்ணிக்கையில் வந்துவிட்டால் கருகல் வீடு அணையவில்லை, குடிலும் எங்கேயும் போகாது. விறகை இப்போதே அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பத்திஸ்தாவிடம் போய் ஆஸ்திரேலியாவில் எங்கள் ஆள் கிடைத்துவிட்டார் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், வாய் நிற்கவில்லை. "விளக்கு கதைய வெச்சுக்கிட்டு வாக்கு வாங்க வந்துட்டியா? கையில புடிக்கிற மாதிரி ஏதாச்சும் கொண்டா" என்றார். ஆகவே வீட்டைக் கிளறுங்கள். மரக் கரண்டி, மணி, பாத்திரத்தில் செதுக்கிய குறி, எதுவானாலும் சரி. போனவர்கள் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

உங்கள் பங்காளி,
டெல்ஃபினா

---

டேல்ஸ்ஃபோர்ட் அருகே
18 டிசம்பர் 1983

அன்புள்ள பங்காளிக்கு,

இந்தச் சொல்லை எழுதவே இனிப்பாக இருக்கிறது. என் வாசலில் பலகை மாட்டிவிட்டேன், நானே வண்ணம் அடித்தது: "கருகல் வீடு". காட்டுத்தீக் காலம் தொடங்குகிற நேரத்தில் மாட்டியது தப்பாகிவிட்டது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் நிறுத்தி, "என்ன வால்ட்டர், முன்கூட்டியே சொல்லி வெக்கிறியா?" என்று கேட்டார்கள். மொரீனின் பெரிய அண்ணன் மட்டும் பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் உன்னிடம் ஒன்றுமில்லை என்று நினைத்தோமே என்றான். விமானச் சீட்டும் எடுத்துவிட்டேன்.

அத்தாட்சிக்காக வீட்டைத் தலைகீழாக்கினேன். ஒரு ஜெபமாலையும், கைப்பிடி இல்லாத கத்தி ஒன்றும், கொள்ளுத்தாத்தாவின் ஒற்றைச் செருப்பும் கிடைத்தன. செருப்பை வைத்துப் பத்திஸ்தாவிடம் என்ன வாதாடுவது? சோர்ந்துபோய்த் தொழுவத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மாடு ஒன்று காதை ஆட்டியது. அப்போதுதான் உறைத்தது.

எங்கள் மாடுகளின் காதில் ஒரு வெட்டு உண்டு. இங்கே ஒவ்வொரு பண்ணையும் தனக்கென்று ஒரு வெட்டை அரசாங்கத்தில் பதிந்துகொள்ளும். எங்களுடையதைக் கொள்ளுத்தாத்தாவே வைத்தார். அவருக்கு முன்னால் ஊரில் ஆட்டுக் காதில் வெட்டியது அதுவேதான் என்று அப்பா சொல்வார். படம் வரைந்து வைத்திருக்கிறேன்: இடது காதின் நுனியில் தகைவிலான் குருவியின் வால்போலப் பிளவு, அதற்குக் கீழே உட்பக்கமாக ஒரு அரைவட்டம். நூற்றிருபது வருஷமாக மாறவில்லை. பத்திஸ்தா இதைக் கையில் பிடித்துப் பார்க்கட்டும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உங்களுக்கு அங்கே பனி, எனக்கு இங்கே வெயிலில் முதுகு உரிகிறது.

வால்ட்டர்

---

கவ்ராஸ்கோ
22 ஜனவரி 1984

வால்ட்டர் ஐயா,

உங்கள் படம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்து எழுந்து போனேன், அப்படியே பலமுறை.

அந்த வெட்டு வாணலி வீட்டுடையது.

எங்கள் வீட்டு ஆட்டுக்கு வலது காதில் நேராக ஒரே வெட்டு. தகைவிலான் வாலும் அரைவட்டமும் பத்திஸ்தா வீட்டு ஆடுகளுக்கு. இந்த ஊரில் நடக்கத் தெரிந்த எந்தக் குழந்தையும் மலைமேல் தூரத்தில் நிற்கிற ஆட்டைப் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடும். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தீயைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று. இரண்டும்தான் எரிந்தன. வாணலி வீட்டார் அடுத்த மாதமே கூரை போட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் சோம்பேறிகள், இரண்டு வருஷம் கரிச்சுவரோடு நிற்க விட்டார்கள், அதனால் பெயர் எங்களுக்கு ஒட்டிக்கொண்டது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அந்த இன்னொரு வீடு என் புத்தியில் வரவில்லை. வர விடவில்லை என்பதுதான் சரி. எனக்கு ஆள் தேவைப்பட்டது, நீங்கள் வந்தீர்கள், பிடித்துக்கொண்டேன். உங்களைப் பலகை எழுத வைத்து, சீட்டு வாங்க வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பத்திஸ்தாவிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் அடுப்பில் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நீங்கள் தேடியது உங்கள் வீட்டை, என் வீட்டை அல்ல. அவர் என் வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவர் தாத்தாவின் சித்தப்பா அந்தப் பிளாச்சிதோ. திரும்பி வருவார் என்று அவர்கள் வீட்டில் ரொம்ப நாள் அவருடைய கிண்ணத்தைக் கவிழ்க்காமலே வைத்திருந்தார்களாம். "காதை அப்படியே வெட்டிருக்காங்க டெல்ஃபினா, அப்படியே" என்று அழுதார். எனக்கும் வந்தது, கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிளாச்சிதோவின் அப்பா ஜான்பியெத்ரோ, அவர் அப்பா இன்னொரு பிளாச்சிதோ, அவர் அப்பா மார்த்தீனோ. மேலே இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள், தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பிளாச்சிதோவையும் சேர்த்தால் ஒன்பது. அந்த ஐரிஷ்காரர்களிடம் சொல்லுங்கள்.

டெல்ஃபினா

---

டேல்ஸ்ஃபோர்ட் அருகே
19 பிப்ரவரி 1984

டெல்ஃபினா அம்மையாருக்கு,

பலகையைக் கழற்றிவிட்டேன். தீயணைப்புக்காரர்களுக்கு நிம்மதி.

எனக்குக் கோபம். ஒளிக்காமல் சொல்கிறேன், அதற்கு வேண்டிய இத்தாலியன் என்னிடம் உண்டு. நீங்கள் உண்மையைச் சொன்னதற்காகக் கோபம் இல்லை. இரண்டு மாதம் பங்காளி, பங்காளி என்று கூப்பிட்டுவிட்டு, காது வேறு என்று தெரிந்ததும் "ஐயா" ஆக்கிவிட்டீர்களே, அதற்குத்தான். என் மாட்டின் காது மாறியிருக்கலாம், கடிதம் எழுதிய ஆள் மாறவில்லையே? தபால்காரர்கூடக் கேட்டார், "என்ன, இந்தத் தடவை கடுதாசி மெலிஞ்சுபோச்சு?" என்று.

ஒன்பது பேர் கொண்ட தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். காலையில் தேநீர் போடும்போது சத்தமாகப் படிக்கிறேன். அதற்கு நன்றி சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை. அத்தை அதைச் சொல்லித்தரவில்லை.

பத்திஸ்தா எழுதியிருக்கிறார். நல்ல மனுஷர். பிளாச்சிதோவின் பழைய வீடு இன்னும் நிற்கிறதாம், பாதிக் கூரையோடு, இப்போது ஆட்டுக் கொட்டில். அதைச் சுத்தம் செய்து தருகிறாராம், ஜூனில் வந்து என் அடுப்பில் நானே தீ மூட்டலாமாம். கடைசிப் பத்தியில், சபையில் இந்த வருஷம் ஒரு குடில் விவகாரம் இருக்கிறது, நம் வீட்டுக்கு ஒரு கை கூடினால் நல்லது என்று எழுதியிருக்கிறார்.

எந்தக் குடில் என்று எனக்குத் தெரியும். உங்களைக் காப்பாற்ற வாங்கிய சீட்டில் வந்து உங்களை வெளியேற்றிவிட்டுப் போவேனா? நிலவரம் என்ன என்று நேராகச் சொல்லுங்கள். எத்தனை புகை உங்கள் பக்கம், எத்தனை அந்தப் பக்கம், செய்ய ஏதாவது வழி இருக்கிறதா?

வால்ட்டர்

---

கவ்ராஸ்கோ
11 மார்ச் 1984

வால்ட்டர்,

ஐயாவை எடுத்துவிட்டேன். பங்காளி என்று எழுத முடியாது, அது பொய். மிச்சம் இருப்பது பெயர்தான்.

நிலவரம் இது. ஊரில் இப்போது வாக்குள்ள அடுப்பு ஆறு எரிகிறது, என்னுடையது கணக்கில் வராது. பத்திஸ்தா, அவர் தம்பி, முட்டிக்கால் வீடு ஒரு பக்கம். பூனை வீடும் கீழத்தெருவில் இரண்டு வீடும் என்மேல் பிரியமாக இருக்கிறார்கள். மூன்றுக்கு மூன்று என்றால் தலைவர் சொல்வதுதான் முடிவு. தலைவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

வழி ஒன்று உண்டு. சபை நினைத்தால் ஒருவரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஆள் எழுந்து நின்று, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், மற்றவர்கள் கை தூக்க வேண்டும். போன நூற்றாண்டில் ஒரு வைத்தியரை அப்படிச் சேர்த்தார்களாம். பியெரினா தினமும் வந்து, கேட்டுவிடு கேட்டுவிடு என்கிறாள். நான் கேட்க மாட்டேன். பிறந்த வீட்டு வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று எவளாவது கேட்பாளா? அந்தக் குடிலின் சுவரில் சுண்ணாம்பு அடித்தது நான். கன்று முதல் கொப்பரை வரை எல்லாம் என் கை பட்டது. ஜூலையில் காலையில் கதவைத் திறந்தால் மாடுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்க்கும், மேகம் காலுக்குக் கீழே இருக்கும். அதை விட்டுவிட்டு நான் கீழே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேனாம். பத்திஸ்தாவின் மருமகள் அப்படித்தான் ஆறுதல் சொன்னாள்.

நீங்கள் வாருங்கள். உங்கள் வீட்டு அடுப்பைப் பாருங்கள். கை தூக்காமல் இருங்கள், அது போதும்.

டெல்ஃபினா

---

டேல்ஸ்ஃபோர்ட் அருகே
2 ஏப்ரல் 1984

டெல்ஃபினா,

கேளுங்கள்.

நான் முன்பின் தெரியாத ஒரு பாதிரியாருக்கு, அறுபத்துமூன்று வயதில், நான் யார் என்று தயவுசெய்து சொல்லுங்கள் என்று கடிதம் எழுதினேன். தபால் பெட்டி வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். ஒரு மனுஷன் கேட்கக்கூடியதிலேயே வெட்கக்கேடான கேள்வி அதுதான். கேட்டதால் சுவரில் ஒன்பது பேர் இருக்கிறார்கள், நீங்களும் கடிதம் எழுதுகிறீர்கள்.

நீங்கள் கேட்டால்தான் நான் கை தூக்க முடியும். கேட்காவிட்டால் நான் அங்கே புகை போட்டு என்ன பிரயோஜனம், கண் எரிவதுதான் மிச்சம். பத்திஸ்தாவுக்கு என் மனதில் இருப்பதை எழுதிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் செய்தால் அவர் எனக்கு வாசல் திறந்ததற்கு மரியாதை இல்லை. பதில் வரவில்லை. கொட்டிலைச் சுத்தம் செய்கிறாரா இல்லையா என்று பியெரினாவிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

மே கடைசி வாரம் வருகிறேன். என்னை அடையாளம் தெரியும். மூக்கு பத்திஸ்தாவுடையது என்று அவர் புகைப்படத்தில் பார்த்தேன்.

வால்ட்டர்

---

டேல்ஸ்ஃபோர்ட் அருகே
24 ஜூன் 1984

அன்புள்ள டெல்ஃபினா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்கள் சீஸைச் சுங்க அதிகாரி முகர்ந்து பார்த்துப் பிடுங்கிக்கொண்டார். சாப்பிடத்தான் எடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. மாடுகள் என்னைக் கண்டுகொள்ளவில்லை, மகன் பெர்த்திலிருந்து வந்து பார்த்துக்கொண்டதில் கெட்டுப்போயிருக்கின்றன.

சபையில் அவர்கள் போட்ட கூச்சலில் எனக்குக் கால்வாசிதான் புரிந்தது. கை தூக்கியதும் முட்டிக்கால் வீட்டுக் கிழவர் மேஜையைக் குத்தி என்னவோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், பத்திஸ்தா சிவந்துபோனார். அது என்ன? இங்கே கேட்கிறவர்களுக்கு நானாக எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

இன்னொன்று. சபைக்கு முந்தின சாயங்காலம் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நான் உங்களிடம் கேட்டது. புகையில் என் மூளை கலங்கியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பதில் சொல்லாமல் எழுந்து போனதே போதும், புரிந்துகொண்டேன். அதற்காகக் கடிதத்தை நிறுத்திவிட வேண்டாம். தபால்காரர் வருத்தப்படுவார்.

வால்ட்டர்

---

மலைக் குடில், கவ்ராஸ்கோவுக்கு மேலே
15 ஜூலை 1984

அன்புள்ள வால்ட்டர்,

பத்திஸ்தாவின் பேரன் ரொட்டி கொண்டு வந்தபோது உங்கள் கடிதத்தையும் கொண்டு வந்தான். கொப்பரை அடுப்பில் இருந்தது, கிளறிக்கொண்டே படித்தேன். சீஸ் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

முதலில் முட்டிக்கால் வீட்டுக் கிழவரைப் பற்றி. அதற்கும் முன்னால் புகையிலிருந்து சொல்கிறேன், அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே இருமிக்கொண்டிருந்தீர்கள், வெளியே நடந்தது உங்களுக்குத் தெரியாது. பச்சை விறகைப் போட்டு ஊரையே மூடிவிட்டீர்கள். தேவாலயப் படியில் நின்ற பத்திஸ்தாவுக்கு எந்தப் புகை யாருடையது என்றே தெரியவில்லை. எண்ண முடியவில்லை, இந்தப் புகை கணக்கில் வராது என்று அவர் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திட்டிக்கொண்டே தன் வீட்டுக்குப் போய்க் காய்ந்த விறகு ஒரு கட்டைத் தோளில் சுமந்து வந்து உங்கள் வாசலில் போட்டார். உங்கள் கை எந்தப் பக்கம் தூக்கும் என்று தெரிந்தேதான் போட்டார். வாணலி வீட்டு அடுப்பு ஒன்று புகையத் தெரியாமல் தோற்றது என்று ஊர் பேசக்கூடாதாம்.

மறுநாள் நான் எழுந்து நின்றேன். காலை முழுக்கப் பயிற்சி செய்த பேச்சு மறந்துபோய், "நான் செவெரினோ தங்கச்சி. என்னையச் சேத்துக்கங்க" என்று மட்டும்தான் வந்தது. நீங்கள் முதலில் கை தூக்கினீர்கள். அப்போது உங்கள் இத்தாலியனில், "கொப்பரையக் கிளறுன கை அவங்களோடது, அதுக்கு என் கை" என்றீர்கள். இலக்கணம் சரியில்லை, ஆனால் அதற்குப் பிறகு பூனை வீட்டுக் கையும் கீழத்தெருக் கைகளும் தயங்கவில்லை. நான்குக்கு மூன்று. கிழவர் மேஜையைக் குத்திச் சொன்னது இதுதான்: "நூத்திமுப்பது வருஷமா அந்தக் கொப்பரையத் திருப்பித் தாங்கன்னு கருகல் வீட்டுல கேட்டாங்க, வாணலி வீட்டுல முழு ஆளையே குடுத்துட்டாங்கப்பா." பத்திஸ்தா சிவந்தது கோபத்தில் அல்ல, சிரிப்பை அடக்கியதில். ஊர்ப் பேரேட்டில் என் பெயரைத் தானே எழுதினார். எழுதிவிட்டு, உங்கள் காதருகே ஏதோ சொன்னாரே, அதை நான் கேட்டேன். "பிடிவாதத்தப் பாத்தாலே நம்ம ரத்தம்னு தெரியுது" என்றார்.

அடுத்து, பெஞ்சு.

புகைமேல் பழி போடாதீர்கள். உங்கள் மூளை அன்று தெளிவாகத்தான் இருந்தது. இந்த ஊர்க்காரனாகிய என்னைக் கட்டிக்கொண்டால் உங்களுக்கு உரிமை தானாகவே வந்துவிடும், நாளைக்கு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்றீர்கள். வழக்கப்படி அது முழுக்கச் சரி. நல்ல மனசோடுதான் சொன்னீர்கள், அதுவும் தெரியும். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. நான் ஒரு தடவை கல்யாணம் பண்ணிப் பிறந்த ஊரை இழந்தேன். என் வீட்டுக்காரர் எல்வெட்சியோ நல்லவர், அவர்மேல் குறையில்லை. ஆனால் ஒரு புருஷனால் போனதை இன்னொரு புருஷனைப் பிடித்துத் திரும்ப வாங்க எனக்கு மனசு வரவில்லை, வால்ட்டர். அன்று சரி என்றிருந்தால் மறுநாள் யாரும் கை தூக்கியிருக்க மாட்டார்கள், நானும் எழுந்து நின்றிருக்க மாட்டேன். உங்களுக்காகச் சரி என்றேனா, குடிலுக்காகவா என்று வாழ்நாள் முழுக்க நானே என்னைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீங்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், வெளியே சொல்ல மாட்டீர்கள்.

போன வாரம் பாதிரியார் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார், மாடுகளுக்கு ஜெபம் செய்ய. நான் பேச்சுவாக்கில் ஒன்று விசாரித்தேன். எல்லோரும் மார்ட்டினோலாவாக இருக்கிற ஊரில் கல்யாணம் என்றால் முதலில் உறவு முறை பார்ப்பார்கள், பெரும்பாலும் எங்காவது இடிக்கும். அவர் புத்தகங்களைப் பார்த்திருக்கிறார். அந்த நூறு வருஷச் சண்டையின் புண்ணியத்தில் கருகல் வீட்டுக்கும் வாணலி வீட்டுக்கும் ஒரு சொட்டு ரத்த உறவுகூடக் கிடையாதாம். ஊரிலேயே இவ்வளவு சுத்தமாக யாரும் இல்லை என்றார். எதற்குக் கேட்கிறாய் என்றார். வம்ச ஆராய்ச்சி என்றேன்.

குடில் இப்போது என் பெயரில் இருக்கிறது. அடுப்பும் என் பெயரில். யாரும் கொடுத்ததில்லை, நான் கேட்டு வாங்கியது. இனி எனக்கு யாரிடமிருந்தும் எதுவும் தேவையில்லை. பத்திஸ்தா எனக்கு மைத்துனர் முறை ஆகிவிடுவார் என்பதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை, ஆனால் அதற்கும் பழகிக்கொள்வேன்.

இப்போது கேளுங்கள்.

கருகல் வீட்டு டெல்ஃபினா